ஊரான் பிள்ளைக்கு ஒரு வரி

சென்ற வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜைமீது இரண்டு தபால் உறைகள் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒன்று, நாங்கள் குடியிருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் எல்லாத் தேர்தல்களுக்கும் வீடு தேடி வந்துவிடும் வாக்குச்சீட்டு. மற்றொன்று, இந்த வருஷத்து வீட்டு வரி இவ்வளவு என்று கவுண்டி நிர்வாகம் அனுப்பியிருந்த கணக்கு. வாக்குச்சீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எங்கள் வட்டாரத்துப் பொதுப் பள்ளிகளின் செலவுக்காக, வீடு மனைகளின்மீது இன்னும் 4 ஆண்டுகளுக்கு ஒரு தனி வரி விதிக்கச் சம்மதமா என்பது கேள்வி; ‘லெவி, ஆம்’ என்றும் ‘லெவி, இல்லை’ என்றும் அதற்குக் கீழே இரண்டு சிறு கட்டங்கள். வரி வாங்குவது எல்லா ராஜாங்கங்களுக்கும் உள்ள வழக்கம். ஆனால் வாங்கட்டுமா என்று குடிமக்களின் வாசலுக்கு வந்து கேட்டு, வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ‘சரி’ என்று சொன்ன பிறகே வாங்குவது, சியாட்டில் பக்கத்துக்குக் குடிவந்த புதிதில் எனக்குப் பேராச்சரியமாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்த ஆச்சரியம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை.

இதைப் பற்றி எழுத என்னைத் தூண்டியவர் எங்கள் குடும்ப நண்பர் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது, அவர் மேஜையிலும் அதே உறை பிரிக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்தேன்.

“என்ன அண்ணாச்சி, இன்னும் ஓட்டுப் போடலையா?” என்றேன்.

“எதுக்குப் போடணும் தம்பி? நம்ம பிள்ளைய ரெண்டும் படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு. இந்த வயசில, ஊரான் பிள்ளை படிக்கதுக்கு நான் எதுக்கு வருஷா வருஷம் வரி கட்டணும்? நீயே சொல்லு.”

அடுக்களையிலிருந்து மதினி, “ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு உங்க அம்மை சொல்லுவாகளே, மறந்து போச்சோ?” என்று கேட்டார். அண்ணாச்சி சிரித்தார்; உறையை மட்டும் பிரிக்கவில்லை.

அவர் உலோபி அல்லர். தம் கிராமத்துக் கோயிலுக்கும், படிக்க வசதியில்லாத உறவுப் பிள்ளைகளுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறவர். ஆகையால் அவருடைய கேள்வியை நான் அலட்சியமாகக் கொள்ளவில்லை. மனமுவந்து கொடுப்பது தர்மம். சட்டம் கேட்டுக் கொடுப்பது வரி. தர்மத்தில் கொடுப்பவனுக்குப் பெறுபவனின் முகம் தெரிகிறது. வரியில் அது தெரிவதில்லை. முகம் தெரியாத குழந்தைக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்ற அந்தக் கேள்விக்கு அன்று நான் தடுமாறி ஏதோ சொன்னேன். நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்வோம். ‘பப்ளிக் ஸ்கூல்’ என்பது நம் ஊரில் பெரும்பாலும் தனியார் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் காணப்படும் சொல். இங்கேயோ அதன் பொருள், கட்டணம் வாங்காமல் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் ஊர்ப் பள்ளி என்பதே. அமெரிக்க தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பள்ளிகளின் செலவில் மத்திய அரசாங்கம் கொடுப்பது பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. எஞ்சியதை மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழச் சமமாகச் சுமக்கின்றன. அந்த உள்ளூர்ப் பங்கில் மிகப் பெரும்பகுதி வீடு, மனை, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின்மீது விதிக்கும் சொத்து வரியால் நிரம்புகிறது. ஊரார் செலவில் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் எண்ணம் இந்த மண்ணில் நெடுங்காலமாக வேரூன்றியது. 1647ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளியே நடத்த வேண்டும் என்றும் சட்டம் செய்திருந்தார்கள்.

எங்கள் மாநிலத்தில் இந்த ஏற்பாடு இரண்டு அடுக்காக இருக்கிறது. மாநில அரசாங்கம் தன் பொது வருவாயிலிருந்தும், தானே விதிக்கும் ஒரு சொத்து வரியிலிருந்தும் பள்ளிகளுக்கு அடிப்படைப் பணத்தைக் கொடுக்கிறது. அதற்கு மேல் தேவைப்படுவதை, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் எல்லைக்குள் உள்ள வாக்காளர்களிடம் கேட்டுப் பெறுகிறது, அதுவே லெவி. அதிகபட்சம் 4 ஆண்டுகளுக்குத்தான் அது செல்லும். காலம் முடிந்ததும் மறுபடியும் மக்களிடம் வந்து நிற்க வேண்டும். ஒரு வீட்டின் மதிப்பு 8,00,000 டாலர் என்றும், வரி விகிதம் ஆயிரத்துக்கு 1 டாலர் 25 சென்ட் என்றும் வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்காரர் வருஷத்துக்குச் செலுத்துவது 1,000 டாலர். இதை ஏப்ரல் 30க்குள் ஒரு பாதியும் அக்டோபர் 31க்குள் மறு பாதியுமாகக் கட்டலாம். வீட்டு விலை ஏற ஏறப் பள்ளிக்கூடம் பணத்தில் புரளும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. வாக்காளர்கள் ஒப்புக்கொள்வது விகிதத்தை அல்ல, ஆண்டுக்கு இவ்வளவு என்ற மொத்தத் தொகையை. ஊரிலுள்ள எல்லா வீடுகளின் மதிப்பும் ஏறினால் விகிதம் இறங்கும், தொகை ஏறாது.

முதியவர்களின் நிலை என்ன என்று கேட்கலாம். 61 வயது நிரம்பியவர்களுக்கும், உடல்நலக் குறைவால் வேலை செய்ய இயலாதவர்களுக்கும், அவர்களுடைய வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்து, குடியிருக்கும் வீடும் சொந்தமானதாக இருந்தால், இந்த லெவியிலிருந்து விலக்கு உண்டு. விண்ணப்பித்துப் பெற வேண்டும். தெரியாமலேயே கட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர் இருக்கக்கூடும் என்பதால், பெற்றோரின் பெயரில் வீடு வைத்திருக்கும் நண்பர்கள் இதை அவசியம் விசாரித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்தப் பணம் என்ன செய்கிறது? சட்டத்தின் பாஷையில் இதற்கு ‘செறிவூட்டும் லெவி’ என்று பெயர். கேட்பவர்களுக்கு, வயிறு நிறைய உண்டவனுக்குப் பாயசம் பரிமாறுவதுபோலத் தோன்றும். என் மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. ஒரு வசந்தகாலத்துக் காலையில், மகரந்தம் காற்றெல்லாம் பறந்துகொண்டிருந்தபோது, விளையாட்டுத் திடலில் அவளுக்கு மூச்சு முட்டியது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்து நான் ஓடிச் சேர்ந்தபோது, நர்ஸ் அம்மையார் அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரைக் குழாயோடு பொருத்தி வாயில் வைத்து, முதுகில் ஒரு கையை ஊன்றி, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று மூச்சுக்கு மூச்சு எண்ணிக்கொண்டிருந்தார். சுவரில், பெயர் எழுதிய சிறு பைகளில், வேறு பதினைந்து இருபது குழந்தைகளின் மருந்துகள் வரிசையாகத் தொங்கின. அபாயம் தணிந்த பிறகு அவர் இயல்பாகச் சொன்ன ஒரு வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டது: “நான் இன்று இங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று, மாநிலம் கொடுக்கும் பணம் என் சம்பளத்தில் ஒரு துண்டுக்குத்தான் காணும், மீதி நாட்களுக்கு லெவி கொடுக்கிறது.” அன்றுமுதல் ‘செறிவூட்டல்’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம், முதுகில் ஊன்றிய அந்தக் கைதான் எனக்கு நினைவில் எழுகிறது. நர்ஸ் மட்டுமல்லர், மனம் நொந்த பிள்ளைகளிடம் பேசும் ஆலோசகர், விசேஷக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகளின் அருகில் இருந்து உதவும் துணை ஆசிரியர், வாத்திய இசை வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி ஆகிய எல்லாவற்றிலும் மாநிலப் பணம் போய்ச் சேராத இடத்தை இந்த லெவிதான் நிரப்புகிறது.

மக்கள் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஒரே ஆண்டில் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம். அதுவும் தோற்றால், அடுத்த ஆண்டுக்கு வேலை இல்லை என்ற அறிவிப்பை மே மாத நடுவில் ஆசிரியர்களின் கையில் கொடுக்க வேண்டியதுதான். இது வெறும் பூச்சாண்டி அல்ல. 1975ஆம் ஆண்டில் சியாட்டில் நகரத்திலேயே அப்படி ஒரு லெவி தோற்றது. அக்காலத்தில் நூற்றுக்கு அறுபது பேர் ஒப்பினால்தான் வெற்றி. பள்ளி மாவட்டம் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 1978இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வாக்காளரின் மனநிலைக்கு ஏற்ப வந்தும் வராமலும் போகும் லெவியை நம்பி அடிப்படைக் கல்வியை நடத்தக்கூடாது, நிலையான வருவாயிலிருந்து மாநிலமே அதற்குப் பணம் தர வேண்டும் என்றது. ஏனென்றால், தன் எல்லைக்குள் வசிக்கும் எல்லாக் குழந்தைகளின் கல்விக்கும் போதுமானபடி ஏற்பாடு செய்வதே மாநிலத்தின் தலையாய கடமை என்று, மாநிலம் பிறந்த 1889ஆம் ஆண்டின் அரசியல் சட்டமே சொல்கிறது. ‘குடிமக்களின்’ குழந்தைகள் என்று அது சொல்லவில்லை. ‘வசிக்கும்’ குழந்தைகள் என்கிறது. வேலை விசாவில் வந்து, வாக்குரிமை இன்றி, வாடகையின் வழியாக இதே வரியைச் சுமக்கும் நம்மவர்களின் பிள்ளைகளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

தீர்ப்பு வந்தது, ஆனால் கடமை முழுவதும் நிறைவேறவில்லை. நாளடைவில் லெவியின் சுமை மீண்டும் ஏறியது. 2007இல், லெவிக்குப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும் என்று மக்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டில், மெக்லீரி என்ற குடும்பத்தின் பெயரால் இன்று அறியப்படும் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம், மாநிலம் தன் தலையாய கடமையில் தவறிவிட்டது என்று தீர்ப்பளித்தது; 2014இல் சட்டசபை நீதிமன்றத்தை அவமதித்ததாக அறிவித்தது; 2015 ஆகஸ்டு முதல் நாளொன்றுக்கு 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. 2017இல் சட்டசபை மாநிலத்தின் சொத்து வரியை உயர்த்தி, உள்ளூர் லெவிகளுக்கு ஒரு புதிய உச்சவரம்பு கட்டியது; 2018 ஜூனில், கடமை நிறைவேறியது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை முடித்தது. வழக்குத் தொடுத்தபோது முதல் வகுப்பில் இருந்த குழந்தை, அது முடிந்தபோது பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்திருக்கும். நியாயம் மெதுவாக நடக்கலாம். குழந்தைப் பருவம் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் என் மனத்தை உறுத்தும் பெரிய அநீதி ஒன்று உண்டு. அண்ணாச்சியின் கேள்வியைவிட இதற்கு விடை சொல்வதுதான் எனக்குக் கடினம். ஊரின் நிலமதிப்பே ஊர்ப் பள்ளியின் செல்வம் என்றால், நிலமதிப்புக் குறைந்த ஊரில் பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது? டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்றும் அலமோ ஹைட்ஸ் என்றும் இரண்டு பள்ளி மாவட்டங்கள். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பாட்டாளிக் குடும்பங்கள். அந்த ஏழைகள் 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வீதம் தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்திலேயே அதுதான் உச்ச விகிதம். அதில் ஒரு மாணவனுக்குச் சேர்ந்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கொடுத்தது 85 சென்ட் வீதமே. சேர்ந்தது 333 டாலர். அதிகமாகக் கொடுத்தவர்களுக்குக் குறைவு. குறைவாகக் கொடுத்தவர்களுக்கு அதிகம். 1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பறையைவிட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். டெமெட்ரியோ ராட்ரிகெஸ் என்ற தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தேசத்தின் அரசியல் சட்டம் கல்வியை அடிப்படை உரிமையாகக் கூறவில்லை என்ற முடிவுக்கு வந்து, 5 பேருக்கு 4 பேர் என்ற கணக்கில் அவர்கள் வழக்கைத் தள்ளிவிட்டது. அந்த ஒற்றை வாக்கினால்தான், ஒவ்வொரு மாநிலத்து ஏழைப் பள்ளிகளும் அந்தந்த மாநிலத்து நீதிமன்றத்தில் தனித்தனியே போராட வேண்டியதாயிற்று.

எங்கள் மாநிலத்திலும் இதன் சாயல் இல்லாமல் இல்லை. கணினி நிறுவனங்களால் நிலமதிப்பு வானளாவிய சியாட்டில் பக்கத்தில் ஆயிரத்துக்கு ஒரு டாலர் திரட்டித் தருவதை, ஆப்பிள் தோட்டங்களும் திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த யாக்கிமா பள்ளத்தாக்குச் சிற்றூரில் அதே ஒரு டாலர் திரட்ட முடியாது. இதை ஈடுகட்ட ஏழை மாவட்டங்களுக்கு மாநிலம் ஓர் உதவித் தொகை தருகிறது. ஆனால் அதுவும் லெவி வென்ற ஊருக்கே கிடைக்கும். கட்டடம் கட்டக் கடன்பத்திரம் வெளியிட வேண்டுமானால், இன்றைக்கும் நூற்றுக்கு அறுபது பேரின் சம்மதம் வேண்டும். கொலம்பியா நதிக்கரையில் உள்ள வாகையக்கம் என்ற சிறிய பள்ளி மாவட்டம், எங்கள் ஊர் ஏழை ஊர், எங்களால் கட்டடப் பணம் திரட்ட முடியவில்லை, மாநிலமே தர வேண்டும் என்று வழக்காடியது. கட்டடச் செலவு அந்தத் தலையாய கடமையில் அடங்காது என்று 2023 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. ஆசிரியர் கூரைக்கு அடியில் நின்றுதானே பாடம் சொல்லித்தர வேண்டும்? அந்தத் தீர்ப்பின் சட்ட நுணுக்கத்தை நான் மறுக்கவில்லை. அது அந்தக் குழந்தைகளுக்குச் செய்த நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் லெவியை எதிர்த்து வாக்களிக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் துணிபு. நான் ‘இல்லை’ என்று குறித்தால் யாக்கிமாக் குழந்தைக்கு ஒரு சென்ட் கூடப் போய்ச் சேராது. என் ஊர்ப் பள்ளியில் ஒரு நர்ஸின் நாட்கள் குறையும், அவ்வளவே. ‘ஆம்’ என்று குறித்துவிட்டு, ஏழை மாவட்டங்களுக்கு மாநிலம் இன்னும் தாராளமாகத் தர வேண்டும், அதற்காக என் மாநில வரி கூடினாலும் கூடட்டும் என்று எங்கள் சட்டசபை உறுப்பினருக்கு எழுதுவது என் கடமை, எழுதியும் இருக்கிறேன். ‘நம் பிள்ளைகள்’ என்று சொல்ல முதலில் நம் ஊரில் பழக வேண்டும். பழகிய பிறகு அந்தச் சொல்லைப் பள்ளி மாவட்டத்தின் எல்லையோடு நிறுத்திவிடக்கூடாது.

இனி அண்ணாச்சிக்கு. என் பள்ளிப் பருவத்தில் நாங்கள் சென்னைத் திருவல்லிக்கேணியில், ஒரு சந்துக்குள் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். வீட்டுக்காரப் பாட்டிக்குக் கணவரும் இல்லை, குழந்தை குட்டியும் இல்லை. அந்தப் பழைய ஓட்டு வீடு ஒன்றே ஆஸ்தி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாநகராட்சிக்கு வீட்டு வரி கட்டப் போகும்போது, துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பணத்தை எண்ணிக் கொடுத்து, ரசீதை வாங்கி என் கையில் திணித்து, “என்ன போட்டிருக்கான், வாசிடா” என்பார். நான் வாசிப்பேன்: பொது வரி இவ்வளவு, கல்வி வரி இவ்வளவு, நூலக வரி இவ்வளவு.

“கல்வி வரின்னா என்னடா?”

“பள்ளிக்கூடம் நடத்தறதுக்காம், பாட்டி.”

“உன் பள்ளிக்கூடத்துக்கா?”

நான் படித்தது மாநகராட்சிப் பள்ளி. “ஆமாம், பாட்டி” என்றேன். பாட்டி ரசீதை வாங்கி நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார்.

அந்த வரியின் சரித்திரத்தைப் பிற்காலத்தில்தான் படித்தேன். 1920ஆம் ஆண்டின் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம், உள்ளூர் ஸ்தாபனங்கள் கல்வி வரி விதிக்க வழிசெய்தது. அதே ஆண்டில்தான், தியாகராயச் செட்டியார் தலைமை வகித்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக்கூடாது என்று சர்க்கார் தடுத்ததால் 1925இல் அது நின்று, பின்பு மீண்டும் உயிர் பெற்றது. நூலக வரியோ 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் வந்தது; எங்கள் தெருக்கோடிக் கிளை நூலகத்தில், மின்விசிறி இல்லாத கோடைப் பகல்களில், நான் படித்த புத்தகங்களுக்கெல்லாம் அந்த ரசீதின் மூன்றாவது வரிதான் விலை கொடுத்தது.

அண்ணாச்சி, பாட்டிக்குப் பிள்ளை இல்லை. ரசீதில் அச்சிட்டிருந்த எழுத்துகளை வாசிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவருடைய பணம்தான். அதைத் தாமே வாசிக்க அவருக்குக் கடைசிவரையில் கொடுத்துவைக்கவில்லை. என்னைப் போல் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பாட்டிக்குப் பெயர் தெரிந்தவன் நான் ஒருவனே. மற்றவர்களுக்காகவும் அவர் கட்டினார். அந்தக் கடனைப் பாட்டியிடம் நான் திருப்பிச் செலுத்த முடியாது. திருப்பிச் செலுத்த எனக்குக் கிடைத்த இடம், இந்த வாக்குச்சீட்டில் உள்ள ஒரு சிறு கட்டம்.

நேற்று மாலை அந்தக் கட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பி, உறையின் பின்புறம் கையெழுத்திட்டு, மகளோடு நடந்துபோய் நூலகத்து வாசலில் இருக்கும் வாக்குப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பெட்டியின்மேல் எழுதியிருந்ததை அவள் உரக்க வாசித்துக்கொண்டு வந்தாள். பெட்டி செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிவரையில் திறந்திருக்கும், அண்ணாச்சி.